சேதாரம் இல்லாத திருநாள்

பிப்ரவரி 14 வந்தால் நம் ஊரில் நாய்களுக்குக் கல்யாண யோகம். மாலை போடுவார்கள். மஞ்சள் கயிறு கட்டுவார்கள். சில ஊர்களில் கழுதைக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கும். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கலாசாரக் காவலர், காதலர் தினம் நம் பண்பாட்டில் கிடையாது என்று மைக்கைப் பிடித்து முழங்குவார். நாய்க் கல்யாணம் எந்தப் பண்பாட்டில் இருந்தது என்று கேட்க நமக்கு மைக் கிடைக்காது.

2023இல் இந்த வேலையை அரசாங்கமே கையில் எடுத்தது. இந்திய விலங்குகள் நல வாரியம் அதே பிப்ரவரி 14ஐப் பசுவைக் கட்டித்தழுவும் நாளாகக் கொண்டாடச் சொல்லி அறிக்கை விட்டது. மேலைநாட்டு மோகத்தால் வேத மரபு அழிகிறதாம். வேத மரபைக் காப்பாற்றும் திருநாள் ஆங்கிலத் தேதியில் வந்து விழுந்தது எப்படி என்று வாரியத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. நாடே சிரித்தது. சில நாட்களில் அறிக்கை வாபஸ். கொண்டாடச் சொன்னபோதும் பசுவைக் கேட்கவில்லை, வேண்டாம் என்றபோதும் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் பசுவும் வாக்காளரும் ஒன்று.

நேற்று முளைத்த பண்டிகை செல்லுமா செல்லாதா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் அடுத்த வீட்டுப் பண்டிகையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். தன் வீட்டுப் பண்டிகைக்கு ஐயாயிரம் வயது என்று ஒருவர் சொன்னால், அதைப் பத்தாயிரமாக உயர்த்த இன்னொருவர் தயாராக இருக்கிறார். சான்று கேட்டால் புண்பட்டுவிடுவார்கள். இந்த நாட்டில் வேறு எதற்கும் புண்படாத மனது, தேதி கேட்டால் மட்டும் புண்பட்டுவிடும்.

தமிழ்நாட்டு அரசாங்கம் மட்டும் சும்மா இருக்குமா? 2008இல் சட்டம் போட்டுத் தை முதல் நாளைப் புத்தாண்டு ஆக்கினார்கள். 2011இல் ஆட்சி மாறியது. இன்னொரு சட்டம். புத்தாண்டு மறுபடி சித்திரைக்குக் குடிபெயர்ந்தது. மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை ஓர் இனத்தின் வருஷப் பிறப்பை வாக்கெடுப்பால் நகர்த்திய சாதனை நமக்கே உரியது. அதே காலத்தில் சாலையில் இருந்த குழிகள் ஓர் அங்குலம் நகரவில்லை. அப்புறம் தமிழ்நாடு நாள். மொழிவாரி மாநிலங்கள் பிறந்த 1956 நவம்பர் 1 என்றது ஓர் ஆட்சி. பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய 1967 ஜூலை 18 என்றது அடுத்த ஆட்சி. பிறந்தநாள் எது என்று பெற்றவர்களே சண்டை போடும் வீட்டில், பிள்ளைக்குச் சோறு போட்டார்களா என்று யார் கேட்பது?

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இவற்றால் யாருடைய தாலியும் அடகுக்குப் போவதில்லை.

ஒன்றை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பண்டிகையை யாரோ ஒருவர் ஒருநாள் தொடங்கினார் என்பது குற்றம் இல்லை. எல்லாப் பண்டிகையும் யாரோ தொடங்கியதுதான். மே தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் சிந்திய ரத்தத்தில் பிறந்தது. 1889இல் பாரிஸில் கூடிய தொழிலாளர் மாநாடு நாள் குறித்தது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். நாள் தெரியும், இடம் தெரியும், ஆள் தெரியும். வேதத்தில் இருக்கிறது என்று அவர் புளுகவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர் டிசம்பர் கடைசியில் கொண்டாடும் குவான்சாவும் அப்படித்தான். 1966இல் மௌலானா கரெங்கா என்ற பேராசிரியர் உருவாக்கினார். அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டபோது ஊர், பேர், மொழி, பண்டிகை எல்லாம் பறிபோன மக்களுக்குப் புதிதாக ஒன்று தேவைப்பட்டது. செய்துகொண்டார்கள். செய்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நேற்று வந்த சரக்கு என்று அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. பறித்தவர்கள் பழமையைப் பற்றிப் பேசுவது ஒரு தனி அழகு.

பழசு என்பதாலேயே ஒன்று செல்லுபடியாகிவிடாது. ராஜஸ்தானில் அக்கா தீஜ் என்ற நாள் உண்டு. முகூர்த்தம் பார்க்கவே வேண்டாத சுபதினம் என்று அன்றைக்குத் தாலி கட்டுவார்கள். பழைய வழக்கம். உத்தமமான பரம்பரை. ஆண்டுதோறும் அந்த நாள் நெருங்கும்போது மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் ஊர் ஊராகக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. காரணம், மணவறையில் உட்காருவது பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டிய பிள்ளைகள். 2024இல் அந்த மாநில உயர் நீதிமன்றமே தலையிட்டு, குழந்தைத் திருமணம் நடந்தால் பஞ்சாயத்துத் தலைவர்தான் பொறுப்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த அக்கா தீஜ்தான் நம் ஊரில் அட்சய திருதியை.

சித்திரை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். ஒரே திதி, நாடு முழுக்க. ஒடிசாவில் விவசாயி அன்று முதல் விதையைத் தூவுகிறான். பூரியில் ஜெகந்நாதர் தேருக்கு மரவேலை தொடங்குகிறது. ஒரு வருடம் முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி கிடந்த ஜைனர்கள் கரும்புச்சாறு குடித்து விரதம் முடிக்கிறார்கள். வங்காளத்தில் கடைக்காரர்கள் புதுக் கணக்கு எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில்? கும்பகோணத்தில் ஊரிலிருக்கும் பெருமாள்கள் பலர் கருட வாகனத்தில் பெரிய கடைத் தெருவுக்கு ஒருசேர எழுந்தருளுகிறார்கள். கவனியுங்கள், பெரிய கடைத் தெரு வரைக்கும் வருகிறார்கள். கடைக்குள் போவதில்லை.

பக்தர்கள் போகிறார்கள்.

அறுபது வயது தாண்டிய யாரையாவது கேளுங்கள். உங்கள் பாட்டி அட்சய திருதியைக்குக் குண்டுமணித் தங்கமாவது வாங்கினாளா? பாட்டிக்கு அந்த நாள் தெரியும். மண்பானையில் தண்ணீர் வைத்தாள். மோர் கொடுத்தாள். தயிர்சாதம், விசிறி, குடை, செருப்பு என்று வெயிலில் வாடுகிறவனுக்குத் தேவைப்படுவது எதுவோ அதைக் கொடுத்தாள். தங்கம் வாங்க அவளுக்கு வேறு காலம் இருந்தது. அறுப்பு முடிந்து கையில் காசு புரண்டால். பேத்திக்குக் காது குத்தினால். மகளுக்கு வரன் திகைந்தால். அப்போது வீட்டுப் பத்தருக்கு ஆள் அனுப்புவாள். அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, பழைய நகையை உரசிப் பார்த்துக் கணக்குச் சொல்லுவார். அதற்கு முன்பு பஞ்சாங்கத்தைப் புரட்டியிருப்பாள், உண்மைதான். ஆனால் பஞ்சாங்கம் அவளை வாங்கச் சொல்லி விரட்டியதில்லை.

ஆக, கொடுக்கிற நாளாக இருந்தது. வாங்குகிற நாளாக மாற்றியவர் யார்?

வேதத்தில் தேடாதீர்கள். அரசிதழில் தேடுங்கள். 1962இல் சீனாவோடு சண்டை. தங்கத்தைத் தேசப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுங்கள் என்று அரசாங்கம் கெஞ்சியது. பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தார். புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது. நாடெங்கும் பத்தர்களின் பட்டறை அணைந்தது. பிழைப்புப் போய்த் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. 1968இல் அது முழுச் சட்டமாயிற்று. தனி ஆள் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றம். சட்டம் ரத்தானது 1990இல். அதற்கு அடுத்த வருடம் அந்நியச் செலாவணி வற்றிப்போய், நாடே ஏறக்குறைய 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்துக் கடன் வாங்கியது. ரிசர்வ் வங்கியும் அடகுக் கடைப் படியேறிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1997இல் வங்கிகள் தாராளமாகத் தங்கம் இறக்குமதி செய்ய அனுமதி. அதன் பிறகுதான் மதகு திறந்தது. ஏசி போட்ட மாடிக் கடைகள் எழுந்தன. எழுந்த கடைக்கு ஆள் வேண்டும். ஐப்பசியில் தீபாவளி இருக்கிறது. தையில் பொங்கல். பொங்கல் முடிந்து அடுத்த தீபாவளி வரும் வரை, கோடையில் ஒன்றும் இல்லை. அந்தக் காலியிடத்தில் ஒரு திதி சும்மா கிடந்தது. தூசி தட்டி எடுத்தார்கள். மெருகு போட்டார்கள். 916 முத்திரையும் குத்தினார்கள். புனிதமான பண்டிகை ரெடி.

அன்றைக்குத் தங்கம் வாங்கினால் பெருகும் என்ற இந்த ஐதீகம் 1990க்கு முன்னால் எங்கே ஒளிந்திருந்தது என்று ஒரு ஜோசியரும் சொல்வதில்லை. மகாலட்சுமியும் இறக்குமதிக் கொள்கைக்காகக் காத்திருந்தாள் போலும்.

இதில் லண்டன் பக்கமும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். உலகத் தங்க கவுன்சில் என்று ஓர் அமைப்பு. தங்கச் சுரங்க நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது. தங்கத்துக்குத் தேவையைப் பெருக்குவது அதன் தொழில். அதன் சந்தை அறிக்கைகளில் அட்சய திருதியை தவறாமல் வரும். நம் பிள்ளைகளுக்குத் திருதியைக்கும் சதுர்த்திக்கும் வித்தியாசம் தெரியாது. தேம்ஸ் நதிக்கரைக்குத் தெரிகிறது.

சரி, வாங்கினால் பெருகும் என்கிறார்களே, கணக்குப் போடுவோம். 2025 ஏப்ரல் 30, அட்சய திருதியை. ஆபரணத் தங்கம் கிராம் ஒன்பதாயிரத்தை ஒட்டி. சுலபத்துக்கு ஒன்பதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் சங்கிலி, 72,000. செய்கூலி, சேதாரம் சேர்த்து 15 சதவீதம் என்று வையுங்கள். பொடி வேலைப்பாடு என்றால் இன்னும் ஏறும். அது 10,800. மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,484. பில் 85,284. பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசல் வரை வந்து, மனசு மாறித் திரும்பி உள்ளே போய் விற்றுப் பாருங்கள். தங்கத்துக்கு மட்டும்தான் காசு. பதின்மூவாயிரத்து இருநூற்று எண்பத்து நான்கு ரூபாய் அந்தக் கதவுக்கும் கவுண்டருக்கும் நடுவே மறைந்துவிட்டது. பெருகும் என்றார்களே? பெருகியிருக்கிறது. எந்தப் பக்கம் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

தங்கம் விலை ஏறிக்கொண்டேதானே இருக்கிறது, வாங்கியவன் கெட்டானா என்று கேட்பீர்கள். ஏறியது. போர் வந்தது, டாலர் ஆட்டம் கண்டது, மத்திய வங்கிகள் வாங்கிக் குவித்தன. ஏறியது. அஷ்டமியில் வாங்கியவனுக்கும் ஏறியது. நவமியில் வாங்கியவனுக்கும் ஏறியது. பிரதமை அன்று, எமகண்டத்தில், பூனை குறுக்கே போக, தும்மிக்கொண்டே வாங்கியவனுக்கும் அதே விலைதான் ஏறியது. கூட்டத்தில் நசுங்காமல் வாங்கினான் என்பது அவனுக்கு உபரி லாபம்.

கடைக்காரர் மீது எனக்குப் பாதிக் கோபம்தான். அவர் வியாபாரி. விற்கத்தான் உட்கார்ந்திருக்கிறார். மீதிக் கோபம் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்கள் மீது. காலையில் தொலைக்காட்சியில் ஜோசியர் வருகிறார். நெற்றி நிறைய விபூதி, பின்னால் நகைக்கடையின் பெயர். அன்றைக்கு ராகு காலம், எமகண்டம் எதுவும் பார்க்க வேண்டியதில்லையாம், முழு நாளும் நல்ல நேரமாம். கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது வரைக்கும் கிரகங்களுக்குத் தெரிந்திருக்கிறது. திதி முதல் நாள் சாயங்காலம் தொடங்கிவிட்டால் இன்னும் விசேஷம், இரண்டு நாளும் திருதியை. ஏகாதசி இரண்டு நாளில் விழுந்தால் இரண்டு நாளும் பட்டினி கிடங்கள் என்று எந்தச் சேனலிலாவது எந்த ஜோசியராவது சொல்லிக் கேட்டதுண்டா? புண்ணியம் வேண்டுமென்றால் ஒரு நாள் போதும். விற்பனைக்குத்தான் இரண்டு நாள் தேவைப்படுகிறது.

குசேலன் கதையையும் விட்டுவைக்கவில்லை. கிழிந்த துணியில் ஒரு பிடி அவல் முடிந்து கொண்டுபோனான், செல்வம் கொட்டியது, ஆகவே தங்கம் வாங்குங்கள். இந்த ‘ஆகவே’ எங்கிருந்து குதித்தது? அவன் கொடுத்தான் ஐயா. வாங்கவில்லை. தவணை கட்டவில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் பான் கார்டு காட்ட வேண்டும் என்று துவாரகை வாசலில் யாரும் அவனைத் தடுக்கவுமில்லை. அந்தக் கதையிலிருந்து பாடம் எடுப்பதானால், அட்சய திருதியை அன்று நகைக்கடைக்காரர் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அவல் கொடுக்க வேண்டும்.

கொள்கைவாதிகள் எங்கே? இருக்கிறார்கள். தீபாவளியைத் தீபாவளி என்று சொல்லக் கூசி, விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சி என்று அறிவிக்கும் பகுத்தறிவும் நம் ஊரில்தான் இருக்கிறது. அந்தப் பகுத்தறிவு நகைக்கடை விளம்பரத்தைத் திருப்பி அனுப்பியதாக இதுவரை செய்தி இல்லை. மறுபக்கத்தில் காதலர் தினத்துக்கு நாய் பிடிக்கப் போன காவலர்கள். விளம்பரக் கம்பெனிகள் மேலைநாட்டுப் பண்டிகையை நம் தலையில் கட்டுகின்றன என்று கொதித்தவர்கள். அட்சய திருதியை அன்று அவர்களை நகைக்கடை வரிசையில் தேடுங்கள். வியாபாரிக்குப் பிறந்த பண்டிகைக்கு இங்கே இரண்டு பிரிவு. சந்தையில் பிறந்து சிவப்பு ரோஜா வைத்தால் சீரழிவு. சந்தையில் பிறந்து குங்குமம் வைத்தால் பாரம்பரியம்.

அரசாங்கத்துக்கோ இரண்டு நாக்கு. 2013இல் நிதியமைச்சர் சிதம்பரம், தயவுசெய்து தங்கம் வாங்காதீர்கள் என்று நாட்டு மக்களிடம் மன்றாடினார். இறக்குமதியால் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை கழுத்தை நெரித்தது. நல்ல கோரிக்கை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அதே அரசாங்கத்தின் தபால் ஆபீசில் தங்க நாணயம் விற்கத் தொடங்கியிருந்தார்கள். இன்லாண்டு லெட்டர் ஒன்று, தங்கக் காசு ஒன்று. இரண்டு ஆண்டு கழித்து ஆட்சி மாறி, அசோகச் சக்கரம் பொறித்த தங்க நாணயத்தைப் பிரதமரே வெளியிட்டார். வாங்காதே என்பதும் தேசபக்தி. வாங்கு என்பதும் தேசபக்தி. எந்த மாதம் எது என்று மட்டும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

2020இல் கொரோனா. ஊரடங்கு. கோயில் பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு. சென்னையிலிருந்தும் சூரத்திலிருந்தும் மனிதர்கள் சொந்த ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அட்சய திருதியை மட்டும் பூட்டப்படவில்லை. ஆன்லைனில் நடந்தது. இப்போது பணம் கட்டுங்கள், நகையைக் கடை திறந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். ஐதீகம் தொடுதிரைக்கு மாற அதிக நாள் ஆகவில்லை. கிழவிக்கு ஓய்வூதியம் தர நம் அலுவலகங்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்துக்கொண்டேன்.

வாங்குகிறவர் கூட்டத்தை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணை யாரும் பிடிப்பதில்லை. ‘நிற்கிற’ என்று சொன்னதைக் கவனியுங்கள். கடை ஊழியர்கள் உட்காருவதற்கு நாற்காலி போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு ஒரு சட்டத்திருத்தம் கொண்டு வந்தது. ஒரு மனிதப் பிறவி உட்காருவதற்குச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது, அதுவும் சுதந்திரம் அடைந்து எழுபத்து நான்கு ஆண்டு கழித்து. அட்சய திருதியை அன்று விடிவதற்கு முன்பே கடை திறக்கும். இரவு கடைசி வாடிக்கையாளர் போகும் வரை திறந்திருக்கும். நாற்காலி இருக்கும். உட்கார நேரம் இருக்காது. சட்டத்தை மீறினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரம் பவுனை எடுத்து அடுக்கும் அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடப்பது கவரிங். சிரித்துக்கொண்டே காட்ட வேண்டும் என்பது வேலை விதி. 2025இல் அந்தத் திருதியைக்கு மறுநாள் மே 1. எட்டு மணி நேர வேலைக்காகச் செத்தவர்களின் நாள். அதற்கும் சில கடைகள் வாழ்த்து விளம்பரம் போடுகின்றன. உழைப்பவர் அனைவருக்கும் வணக்கம், செய்கூலியில் தள்ளுபடி.

சிங்காரவேலர் இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மகளிர் தினத்துக்கும் இதே கதிதான். 1917இல் பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிய பெண்கள் ஜார் மன்னனின் முடியை உருட்டினார்கள். அந்த மார்ச் 8, நம் ஊரில் வைர மூக்குத்திக்குச் சலுகை அறிவிக்கும் தேதி. மன்னனைக் கவிழ்க்கத் தொடங்கிய நாளில் மூக்குத்தியைப் புரட்டிப் பார்க்கிறோம். நேர்மையாகப் பிறந்த நாட்களைக் கடத்திக்கொண்டுபோய்க் கடையில் கட்டிவைக்கும் வேலையில் நம் வணிகத்துக்கு நிகர் இல்லை. அன்னையர் தினத்துக்கு வித்திட்ட அமெரிக்கப் பெண்மணி அன்னா ஜார்விஸ், 1914இல் அது தேசிய நாளான பிறகு, பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் அதைத் தின்பதைப் பார்த்து, தான் தொடங்கிய நாளை எதிர்த்தே மீதி ஆயுளைச் செலவிட்டார். தோற்றார். நம் திருதியைக்கு அப்படி எதிர்க்க ஒரு தாயும் இல்லை. தகப்பன் மட்டும் பல கிளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்.

பில் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் இந்தப் பண்டிகை செல்லுமா செல்லாதா என்று தெரிந்துவிடும். பணக்காரருக்கு நாள் கிழமை தேவையில்லை. வேண்டும்போது வாங்குவார். லாக்கரில் வைப்பார். இந்த நாளுக்காகக் காத்திருப்பவள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். பதினொரு மாதம் நகைச் சீட்டுக் கட்டியவள். சீட்டுப் பணத்தோடு கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுக் காணாமல் போன ஊர்களும் உண்டு. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அட்டையை நீட்டிக்கொண்டு அவள் நிற்பாள். அட்டையில் லட்சுமி படம் இருக்கும். சீட்டு முழுகாதவளுக்கு, வீட்டில் அரை கிராமாவது வாங்காவிட்டால் அந்த வருடமே விளங்காது என்ற பயம். ஆசையை விற்றால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். பயத்தை விற்கிறார்கள். வாங்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்துக்குச் செய்கூலி கிடையாது, சேதாரம் கிடையாது. அடக்க விலையே இல்லாத சரக்கு அது ஒன்றுதான்.

கைமாற்று வாங்கி வாங்குகிறாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். கட்டணம் கட்ட வேண்டும். ஏப்ரலில் வீட்டுக்கு வந்த லட்சுமி ஜூனில் வட்டிக்கடைக்குப் போகிறாள். இது எல்லோருக்கும் தெரியும். அரசியல்வாதிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். 2021 தேர்தலில் ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடி என்றார்கள். ஓட்டு விழுந்தது. பிறகு நிபந்தனைகள் வந்தன. கடன் வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் தகுதி இல்லாதவர்கள் ஆனார்கள். ஓட்டுப் போட மட்டும் எல்லோருக்கும் தகுதி இருந்தது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக் கடனுக்குப் புது வரைவு விதிகள் வெளியிட்டது. அடகு வைக்கிற நகை உன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கொண்டு வா. தமிழ்நாடே கொந்தளித்தது. பாட்டி போட்ட சங்கிலிக்குப் பில் எங்கே போவது? முதலமைச்சர் கடிதம் எழுதினார். விதிகள் பிறகு தளர்ந்தன. அந்த நாட்களில் எந்தக் கட்சியும் வாய் திறக்காத கேள்வி ஒன்று உண்டு. வாங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் இத்தனை பேர் ஏன் அடகு வைக்க ஓடுகிறார்கள்? கேட்டால் பதிலில் பாதிக்கு அவர்கள் பொறுப்பு. மீதிப் பாதிக்கு அவர்களுடைய மாநாட்டு மலருக்கு விளம்பரம் கொடுப்பவர் பொறுப்பு.

மீட்காத நகை ஏலத்துக்குப் போகும். அதற்கும் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும் என்பது விதி. திருதியை அன்று பத்திரிகையைச் சுற்றி முழுப்பக்கத்தில் நடிகை ஒருவர் ஒட்டியாணத்தோடு நின்றாரே, அதே பத்திரிகைதான். உள்ளே எங்கோ ஒரு பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்தாலும் திணறும் பொடி எழுத்தில், கிளை பெயரும் கடன் கணக்கு எண்களுமாக வரிசை வரிசையாக இருக்கும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வாங்கும்போது மேடம் என்றார்கள்.

அந்த அறிவிப்புகளை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். வாங்குவதற்கு நிமிஷக் கணக்கில் நல்ல நேரம் குறித்துக் கொடுத்தவர்கள், ஏலத்துக்கு அலுவலக நேரம் பார்ப்பதோடு சரி. வெள்ளிக்கிழமை காலை பத்தரை என்று விழுந்தால் பத்தரைதான். சுத்தமான ராகு காலம். ஒரு ஜோசியரும் ஆட்சேபிப்பதில்லை.